உப்புநீர் ஜாடி: கடிதமும் பதிலும்

வணக்கம்.

நேற்றிரவு பார்த்த ஒரு குற்றத் தொடர் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கல்யாணமாகி இரண்டே வருடமான மருமகள் காலையில் கட்டிலில் இறந்து கிடக்கிறாள். பிரேதப் பரிசோதனை முடித்த டாக்டர் கையுறையைக் கழற்றியபடி, "சயனைடு. சரியா ராத்திரி பத்தேகால்" என்கிறார். அன்று மாலையே இன்ஸ்பெக்டரிடம் மாமியார் அழுது ஒப்புக்கொள்கிறாள். அடுத்த காட்சியில் ஆயுள் தண்டனை. நம்ப முடியவில்லை என்றால், "கதைதானே, விடுங்க" என்கிறார்கள் வீட்டில். நான்தான் வீணாகக் குறை தேடுகிறேனா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

வீணாக இல்லை. அந்தத் தொடரில் நடைமுறை விடுபட்ட இடத்திலெல்லாம் கதையும் கைநழுவியிருக்கிறது.

முதலில், வரவேண்டிய ஒருவர் வரவே இல்லை. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் போலீஸ் விசாரணையோடு முடியாது. நிர்வாக நடுவரும் விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர். பெண்ணின் அப்பா அம்மாவிடம் நகை, சீர், சண்டை எல்லாம் கேட்டு அவர் தனியாக அறிக்கை எழுதுவார். பெற்றவர்கள் வாய் திறக்கும் முதல் இடம் அது. அதை விட்டுவிட்டு மாமியார் அழுகையை மட்டும் காட்டுவது எவ்வளவு பெரிய இழப்பு!

அடுத்து டாக்டர். தோலில் செம்மை படர்ந்திருந்தால், கசப்புப் பாதாம் வாசனை வந்தால், அவர் சயனைடைச் சந்தேகிக்கலாம். ஆனால் அந்த வாசனை எல்லோர் மூக்குக்கும் எட்டாது. பிறவியிலேயே அதை உணர முடியாதவர்கள் உண்டு. அதனால் ரசாயனப் பரிசோதனை முடிவு வந்த பிறகே இறுதிக் கருத்து என்றுதான் எழுதுவார். பிறகு வேலை ஜாடிக்குப் போகிறது. இரைப்பையும் அதில் இருந்ததும், சிறுகுடலில் சுமார் 30 செ.மீ. நீளமும் ஒரு ஜாடியில். கல்லீரலில் ஒரு பகுதியும் இரண்டு சிறுநீரகத்திலும் பாதிப் பாதியும் இன்னொன்றில். உறுப்புகள் கெடாமலிருக்க ஊற்றுவது உப்புநீர், இனி ஒரு சிட்டிகைகூடக் கரையாது என்கிற அளவுக்கு உப்புக் கரைத்தது. ஃபார்மலின் ஊற்றினால் பிறகு நஞ்சைப் பிரித்தெடுப்பது பெரும் சிரமம். அமிலம் குடித்த கேஸ் என்றால் உப்புநீருக்குப் பதில் ரெக்டிஃபைடு ஸ்பிரிட் என்கிற செறிந்த ஆல்கஹால். ஜாடியை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, உள்ளே வாயு சேர்ந்து மூடியைத் தள்ளிவிடும். ரத்தம் தனிப் புட்டியில், சோடியம் ஃபுளோரைடு சேர்த்து. ஊற்றிய உப்புநீரிலும் கொஞ்சம் தனியாக அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் நஞ்சு உப்பிலேயே இருந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

அரக்கு முத்திரை வைத்து, முத்திரையின் மாதிரியையும் சேர்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போலீஸ்காரரிடம் கொடுப்பார்கள். பல வழக்குகள் சறுக்குவது இங்கேதான். மூன்று வாரம் ஜாடி ஸ்டேஷன் அலமாரியில் இருந்தது என்று வையுங்கள். சாவி யாரிடம், முத்திரை உடையாமல் இருந்ததா என்று வக்கீல் கேட்பார். சயனைடு வேறு நாளாக நாளாக மாதிரியில் குறைந்துபோகக்கூடியது. ஒரு முழு அத்தியாயத்தை அந்த அலமாரியை வைத்தே எழுதலாம்.

"பத்தேகால்" என்று யாராலும் சொல்ல முடியாது. மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் உடல் குளிரும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. மே மாதம், மின்விசிறி நின்ற அறையில், காற்றின் சூடே உடல் சூட்டை ஒட்டி இருக்கும்போது அந்தக் கணக்கு பலிக்காது. விறைப்பு, ரத்தம் தேங்கித் தோலில் தெரியும் கறை, இரைப்பையில் இருக்கும் சோறு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்று பல மணி நேர இடைவெளியைத்தான் சொல்வார்கள். அந்த இடைவெளியில் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான் துப்பறிவாளரின் வேலையே.

ஒப்புதல் வாக்குமூலம்தான் மிகப் பெரிய ஓட்டை. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23. ஒரு விதிவிலக்கு உண்டு. "புட்டியைக் கிணற்றுக்குப் பின்னால் புதைத்தேன்" என்று காவலில் இருக்கும் மாமியார் சொல்லி, தோண்டியதும் புட்டி கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். "அவளுக்கு ஊற்றினேன்" என்பது அப்போதும் செல்லாது. முறையான ஒப்புதல் வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் முன் போக வேண்டும். "நீங்கள் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயமில்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகப் பயன்படும்" என்று அவர் எச்சரிப்பார். அந்த நிமிடம் அவள் "மாட்டேன்" என்றால், அவளைத் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. அந்தச் சின்ன அறையில், அந்த எச்சரிக்கைக்கும் பதிலுக்கும் நடுவில் உள்ள மௌனத்தை எந்தத் தொடராவது ஒரு தடவை காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்று. வசனத்தில் "302" வந்திருக்குமே? அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலை என்றால் அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. அதற்கு முன் நடந்தது என்றால் வழக்கு இன்று நடந்தாலும் 302தான். அந்த வீட்டுச் சுவரில் காலண்டர் எந்த வருடம் காட்டியது என்று மறு ஒளிபரப்பில் பாருங்கள்.