வீட்டில் கேட்டீர்களா?

கேள்வி: வயது 44. புறக்கோட்டையில் துணி இறக்குமதி செய்யும் நிறுவனமொன்றில் 17 வருடங்களாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சானோடு ஏ.சி. திருத்தப் போய்ப் போய் அந்த வேலை கைக்கு வந்துவிட்டது. மனமும் அதில்தான் இருக்கிறது. மூத்தவன் அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறான், சின்னவள் ஏழாம் ஆண்டு. வாடகை வீடு. சேமலாப நிதியை எடுத்து வான் ஒன்று வாங்கி முழுநேரமாக இறங்க எண்ணம். குடும்பத்துக்காக ஆசையை அடக்கி வாழ்ந்தது போதும். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை, பயந்துவிடுவாள். கணக்கு எழுதியவன் ஸ்பானரோடு வீடு வீடாகப் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சமும் உண்டு. இந்த வயதில் இது சரிதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வெள்ளவத்தை

பதில்: வயதில் ஒரு குறையும் இல்லை. 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் துறையில் உங்களுக்கு ஓய்வு வயது 60. இன்னும் 16 வருட உழைப்பு பாக்கி இருக்கிறது. அதை மனம் ஒட்டாத நாற்காலியிலேயே கழிக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி வேறு. மனைவிக்குச் சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவர் பயந்துவிடுவார் என்கிறீர்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டபோது, காஸ் இல்லாத அடுப்பையும் பால்மா இல்லாத அலுமாரியையும் வைத்துக்கொண்டு கொழும்பில் வீடு நடத்திய பெண்மணி அவர். அவரா உங்கள் ஏ.சி. ஆசைக்குப் பயப்படப் போகிறார்? "மழைக்காலத்தில் வாடகைக்கு என்ன செய்வது?" என்று கேட்பார். அதற்கு உங்களிடம் பதில் இல்லை. பயம் அங்கேதான் இருக்கிறது, அது உங்களுடையது.

குடும்பத்துக்காக ஆசையை அடக்கினீர்களாம். வீட்டில் ஒருவரிடமும் வாய் திறக்காமல் நீங்களாகவே தியாகியாகிவிட்டு, பழியை மட்டும் அவர்கள் தலையில் வைப்பது எந்த நியாயம்?

இனிப் பணம். பிறர் கணக்கை 17 வருடம் பார்த்தவர், சொந்தக் கணக்கில் இப்படிச் சறுக்கலாமா? ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதில்தான் எடுக்கலாம். நாட்டை விட்டு நிரந்தரமாகப் போவது, வேலை செய்ய இயலாமற் போவது போன்ற சில காரணங்களுக்குத்தான் விலக்கு. பத்து வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் மூன்று இலட்சமும் இருந்தால், 30 வீதம் வரை முன்கூட்டியே பெற வழி உண்டு. ஆனால் அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் கிடைக்கும், வானுக்குக் கிடைக்காது. வேலையை விட்டதும் நீங்கள் கேட்டுப் பெறக்கூடியது ஊழியர் நம்பிக்கை நிதி. அதைவிடப் பெரியது, நீங்கள் பேச்சுக்குக்கூடக் குறிப்பிடாத பணிக்கொடை. நிறுவனத்தில் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்தால், ஒவ்வொரு வருடச் சேவைக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் என்ற கணக்கில் உங்களுக்கு எட்டரை மாதச் சம்பளம் வர வேண்டும். விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

அந்த எட்டரை மாதம் வாடகைக்கும் டியூஷனுக்குமான காசு. அதில் வான் வாங்காதீர்கள். லீசிங்கில் எடுப்பதென்றால் அதை நினைக்கவே வேண்டாம். வேலை வந்தாலும் வராவிட்டாலும் தவணை மாதம் தவறாமல் வரும். இப்போதைக்கு மச்சானின் ஆயுதப் பெட்டியும் ஒரு மோட்டார் சைக்கிளும் போதும். நிறுவனம் உங்கள் பெயரில் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டுகிறதே, அதுவும் நிற்கப்போகிறது. ஒரு இலட்சம் சம்பளம் என்றால், சொந்தத் தொழிலில் 1,15,000 உழைத்தால்தான் பழைய இடத்திலேயே நிற்கிறீர்கள்.

தொழிலைப் பொறுத்தவரை நீங்கள் இருக்கும் இடம் வாய்ப்பான இடம். காலி வீதிக்குக் கடற்பக்கத்துத் தொடர்மாடிகளில் பல்கனிக்கு வெளியே தொங்கும் ஏ.சி. அலகுகளைப் பாருங்கள். உப்புக்காற்றில் அலுமினியத் தகடு கைபட்டால் பொடியாக உதிரும், தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம் துரு ஏறிக் கிடக்கும். சித்திரை வெயிலில் உங்கள் தொலைபேசி ஓயாது. தென்மேல் பருவமழை இறங்கியதும் அதே தொலைபேசி சும்மா கிடக்கும். நீங்கள் அறிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலைதான். மழையிலும் காசு தருவது கடைகளும் அலுவலகங்களும் செய்துகொள்ளும் வருட சேவிஸ் ஒப்பந்தம். அவர்கள் சான்றிதழ் கேட்பார்கள். கைப்பழக்கத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு பயிலுனர் பயிற்சி அதிகாரசபையில் இருக்கிறது. இராஜகிரியவுக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போய் விசாரியுங்கள்.

அங்கே போகும்போது உங்கள் 17 வருடத்தையும் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். கொழும்பில் கைத்திறன் உள்ள எத்தனையோ பேர் விலைக்கூற்றை நேரத்துக்குக் கொடுக்கத் தெரியாமல், பில் போட மறந்து, நிலுவையைத் துரத்தத் தெம்பில்லாமல் நொடிக்கிறார்கள். உங்களுக்கு அந்த வியாதி வராது.

ஆகவே இப்போதைக்கு இராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். மகன் பரீட்சை எழுதி முடியும்வரை ஞாயிறு வேலையோடு சனிக்கிழமை மாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதா மாத வரவு செலவை ஒரு கொப்பியில் ஏற்றி வாருங்கள். ஜூன், ஜூலைப் பக்கங்கள் முக்கியம். கொப்பியை எழுதுகிறவர் உங்கள் மனைவியாக இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் ஆசையில் கூட்டுகிற தொகையை அவர் கூட்ட மாட்டார்.

கூச்சத்துக்கு என்னிடம் மருந்தில்லை. மேசன், மெக்கானிக்கைக் கூப்பிடுவதுபோல 'பாஸ்' என்று கூப்பிடத்தான் செய்வார்கள், முதல் பில்லுக்குக் காசு கைக்கு வந்ததும் பழகிவிடும். ஊர் பேசுமே என்றால், பேசுகிறவர்கள் வீட்டிலும் ஏ.சி. பழுதாகும். அப்போது "நம்ம ஆள்தானே" என்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள். விலையில் கழிவு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.