ஃப்ளாரன்ஸ் நகரையும் சுற்றியுள்ள குன்றுகளையும் ஒரே நாளில் வழிகாட்டியோடு பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் திங்கட்கிழமை வேண்டாம். உஃபிஸி ஓவியக் கூடமும், மைக்கலாஞ்சலோவின் அசல் தாவீது சிலை இருக்கும் அக்காடெமியா அருங்காட்சியகமும் அன்று மூடியிருக்கும்.

காலையில் பேராலயம். அதன் குவிமாடத்துக்கு 463 படிகள், லிஃப்ட் கிடையாது. நேரம் குறித்த முன்பதிவு இல்லாமல் ஏற விடமாட்டார்கள். பல சுற்றுலாக் கட்டணங்களில் இது சேராது, பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். மூட்டு ஒத்துழைத்தால் கட்டாயம் ஏறுங்கள்: கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி உள்ளொன்றும் வெளியொன்றுமாகக் கட்டிய இரட்டைக் கூடுகளுக்கு நடுவேதான் படிக்கட்டு போகிறது. செங்கற்களை மீன்முள் வடிவில் அடுக்கியதால், தரையிலிருந்து சாரம் முட்டுக்கொடுக்காமலே 1436-இல் குவிமாடம் எழுந்து நின்றது. அந்த அடுக்கைச் சில இடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்.

மாலையில் நகரைப் பார்த்தபடி குன்றின் மேல் இருக்கும் பியாஸ்ஸாலே மைக்கலாஞ்சலோ சதுக்கம். அங்கே நிற்கும் தாவீது வெண்கல நகல். பெரும்பாலான குழுக்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். இன்னும் பத்து நிமிடம் மேலே நடந்தால் சான் மினியாதோ அல் மோன்தே, பச்சையும் வெள்ளையுமான பளிங்கு முகப்புள்ள 11-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். கூட்டம் குறைவு, காட்சி அதைவிட அருமை.

பக்கத்துக் குன்றின் மேலுள்ள ஃபியேசோலே ஊரின் ரோமானிய அரங்கமும் வேண்டுமென்றால் இன்னொரு அரைநாள் ஒதுக்குங்கள். 7-ஆம் எண் பேருந்து போகும். காகிதச் சீட்டு என்றால் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரையிடுங்கள். மறந்தால் சீட்டு கையில் இருந்தும் அபராதம்தான்.