ஒரே தடுப்பூசியை எதுக்கு ரெண்டு மூணு தடவை போடுறாங்க? ஒண்ணு பத்தாதா?

சிலதுக்கு ஒண்ணே போதும். மஞ்சள் காய்ச்சல் ஊசியை முன்னாடி 10 வருஷத்துக்கு ஒரு தடவை போடச் சொல்லிட்டு இருந்தாங்க, 2013ல உலக சுகாதார நிறுவனமே ஒரு டோஸ் ஆயுசுக்கும் போதும்னு சொல்லிடுச்சு. டெட்டனஸுக்கு அப்படி விட முடியாது. கம்பெனிக்காரன் காசு பாக்கத்தான் இத்தனை டோஸ்னு ஒரு வாட்ஸப் கதை சுத்துது, அதை விடுங்க, விஷயம் ஊசிக்குள்ள என்ன இருக்குங்கிறதுலதான் இருக்கு.

மஞ்சள் காய்ச்சல், தட்டம்மை ஊசியில இருக்கிறது உயிருள்ள வைரஸ், வீரியத்தைக் குறைச்சு வச்சது. உள்ள போய் கொஞ்ச நாள் பெருகும், உடம்பும் நிஜமாவே நோய் வந்துடுச்சுன்னு முழு மூச்சா இறங்கிடும். டெட்டனஸ் ஊசியில கிருமியே கிடையாது, அது விடுற விஷத்தை ஃபார்மலின் போட்டு செயலிழக்க வச்சது மட்டும்தான். அது பெருகாது, அதனால உடம்பு பெருசா கண்டுக்காது. அலுமினியம் உப்பு சேத்து உசுப்பி விட்டாலும் ஒரு தடவையில ஆகாது. இன்னொண்ணு, டெட்டனஸ் வந்து பிழைச்சவங்களுக்கே ஊசி போட்டுத்தான் ஆகணும், ஏன்னா ஆளைச் சாய்க்கிற அளவு விஷம்கூட எதிர்ப்பு சக்தி வர்ற அளவுக்குப் பத்தாது!

சரி, திரும்பத் திரும்பப் போட்டா உள்ள என்ன நடக்குது? எனக்கு ரொம்பப் பிடிச்சதே இதுதான். நெறி கட்டியிருக்குன்னு சொல்வோம்ல, அந்த நிணநீர் முடிச்சுலதான் வேலை நடக்கும். முதல் ஊசிக்கு அப்புறம் அந்தப் பொருளோட சுமாரா ஒட்டுற பி செல் (ஆன்டிபாடிங்கிற எதிர்ப்புப் புரதத்தைச் செய்யுற வெள்ளை அணு) எல்லாம் பெருகும், பெருகும்போது ஆன்டிபாடி செய்யுற ஜீன்ல சின்னச் சின்ன மாற்றம் வந்துட்டே இருக்கும், அதுல எது முன்ன விட நல்லா ஒட்டுதோ அது பிழைக்கும் மத்தது செத்துடும், அதாவது பரிணாமமே சில வாரத்துல நம்ம அக்குளுக்குள்ள ஓடுது. தேறினதுல கொஞ்சம் நினைவு செல்லா தங்கிடும். முதல் தடவை ஆன்டிபாடி வர ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், அடுத்த தடவை சில நாள்லயே வந்துடும், அளவும் அதிகம், பிடியும் கெட்டி. இந்தத் தேர்வு முடிய டைம் வேணுங்கிறதாலதான் ஆரம்ப டோஸ்களுக்கு நடுவுல பெரும்பாலும் 4 வாரமாவது கேப் விடுறாங்க.

அப்போ தட்டம்மைக்கும் ஏன் ரெண்டு டோஸ்னா, அது வேற கணக்கு. 9 மாசக் குழந்தைக்குப் போட்டா சுமார் 85% பேருக்குத்தான் பிடிக்கும், அம்மாகிட்ட இருந்து வந்த ஆன்டிபாடி சில குழந்தைங்க உடம்புல மிச்சம் இருந்து ஊசி வைரஸையே அடிச்சுடும். யாருக்குப் பிடிக்கலன்னு ஒவ்வொருத்தரா ரத்தம் எடுத்துப் பாக்கவா முடியும், அதான் எல்லாருக்கும் ரெண்டாவது. தட்டம்மை பரவுற வேகத்துக்கு ஊர்ல 95% பேருக்காவது எதிர்ப்பு இருந்தாத்தான் அடங்கும்.

ஃப்ளூவுல வைரஸே வேஷம் மாத்திக்கும், ஊசியோட எஃபெக்ட்டும் சில மாசத்துல குறையும், அதான் வருஷா வருஷம்.

தேதி தள்ளிப் போச்சுன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமான்னு நிறைய பேர் பயப்படுறாங்க. பொதுவா தேவையில்ல, நினைவு செல் அங்கயேதான் இருக்கும், விட்ட இடத்துல இருந்து போட்டுக்கலாம். அவசரப்பட்டு ரொம்ப முன்கூட்டியே போட்டாத்தான் அந்த டோஸைக் கணக்குல எடுக்க மாட்டாங்க.