ஒன்ராறியோவில் ஓர் அரசருக்கு வணக்கம் வைப்பது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

உங்களோடு வேலை செய்பவர் தமது ‘இராச்சிய’ விழாவுக்கு உங்களை அழைத்திருப்பதாகவும், முடிசூடிய ஒருவர் முன் பலர் முழந்தாளிட்டிருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, இது ஏதேனும் சமயக் குழுவோ, வெள்ளையரின் பழம்பெருமைக் கூட்டமோ என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் இல்லை. 1966இல் கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில், ஒரு வீட்டின் பின்வளவில் நடந்த பழங்கால வீரர் பாணி வாட்போட்டியிலிருந்து வளர்ந்த எஸ்.சி.ஏ. (Society for Creative Anachronism) என்ற அமைப்பு அது. 17ஆம் நூற்றாண்டுக்கு முந்திய உடை, சமையல், கைத்தொழில், போர்க்கலை ஆகியவற்றைச் செய்து பார்ப்பவர்கள், உலகத்தையே தமக்குள் இராச்சியங்களாகப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்ராறியோவின் பெரும்பகுதி அவர்களுடைய கணக்கில் ஈல்டர்மியர் இராச்சியத்தைச் சேர்ந்தது.

அங்கே அரசுரிமை பிறப்பால் வருவதில்லை, அடிதடியால் வருகிறது. தலைக்கவசமும் மார்புக்கவசமும் உண்மையானவை. வாள் மட்டும் தடித்த பிரம்பு. பட்ட அடி பலமானதா என்பதை நடுவர் தீர்மானிப்பதில்லை, அடி வாங்கியவரே சொல்ல வேண்டும். காலில் பட்டால் முழந்தாளில் நின்றும், கையில் பட்டால் அந்தக் கையைப் பயன்படுத்தாமலும் போரைத் தொடர்வார். தலையில் பட்டால் தாமாகவே சரிந்து விழுந்து தோல்வியை ஒப்புக்கொள்வார். பொய் சொல்ல இவ்வளவு வசதியுள்ள ஒரு போட்டியில் பெரும்பாலானவர்கள் பொய் சொல்லாமல் இருப்பதுதான், என் பார்வையில், அந்த முடிக்குரிய உண்மையான மதிப்பு. வென்றவரும் அவருடைய துணையும் சில மாதங்கள் ஆண்டுவிட்டு, அடுத்தவருக்கு முடியைக் கொடுத்து இறங்குகிறார்கள். அதன்பின் அவர்களுக்கு மிஞ்சுவது ஒரு பிரபுப் பட்டமும், தங்கள் முறை வரும்போது சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலையும்தான்.

வெற்று அரியணையைக் கடக்கும்போதும் தலை தாழ்த்துவார்கள். வெள்ளை இடைப்பட்டி வீரப்பட்டம் பெற்றவர்களுக்கே உரியது. தெரியாமல்கூட அதை அணிந்து சென்றுவிடாதீர்கள். இவற்றைச் செய்யும்போது அவர்கள் முகத்தில் சிரிப்பு இராது, ஆனால் உள்ளே இருப்பது முழுக்கக் குறும்பு. 1972இல் தொடங்கி, இப்போது பென்சில்வேனியாவில் நடந்துவரும் பென்சிக் போர் என்ற அவர்களுடைய விளையாட்டுப் போர் விழாவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: மத்திய இராச்சியத்து அரசர் ஒருவர் கிழக்கு இராச்சியத்தின்மீது போர் அறிவித்தாராம், பதில் வரவில்லை, பின்னர் அவரே கிழக்குக்குக் குடிபெயர்ந்து, அங்கேயும் முடி வென்று, தாம் அனுப்பிய அறைகூவலைத் தாமே ஏற்றுத் தோற்றும் போனாராம். தோற்ற பக்கம்தான் பிற்ஸ்பேர்க் நகரத்தைத் தன் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் போரின் பழைய பகிடி.

ஆகவே முழந்தாளிடுவதா என்று நீங்கள் குழம்ப வேண்டாம். இலேசான தலையசைப்புப் போதும். நான் கைகூப்பித்தான் வணக்கம் வைப்பேன், அரசரும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வார். ஐரோப்பியராகவே வேடமிட வேண்டும் என்பதுமில்லை. யாழ்ப்பாண இராச்சியத்து முத்து வணிகராக வேட்டி சால்வையோடு நீங்கள் தாராளமாகப் போகலாம். உடை இல்லையென்றால் புதியவர்களுக்கு இரவல் கொடுக்கப் பெட்டி நிறைய வைத்திருப்பார்கள். தட்டும் குவளையும் கொண்டு செல்லுங்கள், மரக்கறி உணவு வேண்டுமென்றால் சமையல் பொறுப்பாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டமளிக்கும் அரசவை நெடுநேரம் நீளும் என்பதால், மடக்குக் கதிரை ஒன்றையும் காரில் போட்டுக்கொள்வது நல்லது.