பிரேக் இன்ஸ்பெக்டர் பதில்கள்: மினி பஸ் புகார்கள்

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசு வைத்த பெயர். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றால்தான் ஆளைத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மினி பஸ்ஸைத் திட்டி எழுதியவை. ஒன்று மட்டும் மினி பஸ் ஓட்டுகிறவரே எழுதியது. அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் மினி பஸ் டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போன் என்று வருகிறார். ரவுண்டானாவில் நிற்கும் போலீஸ்காரர் பார்த்தும் கையை ஆட்டி அனுப்பிவிடுகிறார். யாரிடம்தான் சொல்வது ஐயா? (இல்லத்தரசி, பாலக்கோடு)

அவர் கையை ஆட்டுவதற்கு நீங்கள் நினைக்கும் காரணம் இல்லவே இல்லை என்று நான் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் அது மட்டும் இல்லை அம்மா. காலை எட்டரை மணிக்கு நாற்பது பேரோடு வரும் வண்டியை ஓரங்கட்டினால், அந்த நாற்பது பேரும் திட்டப்போவது போலீஸ்காரரைத்தான். போன் பேசிக்கொண்டு ஓட்டினால் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து முதல் முறைக்கு 1,000 ரூபாய் அபராதம். அதைக் கட்டிவிட்டு அடுத்த ட்ரிப்பில் அதே போனை எடுப்பார்.

முதலாளி பயப்படுவது அபராதத்துக்கு அல்ல, பர்மிட்டுக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 86-ஆவது பிரிவின்படி, பர்மிட் நிபந்தனையை மீறினால் அதை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். டிரைவரின் லைசென்ஸ் தனிக் கணக்கு. வண்டி ஓட்டும்போது போன் பேசுகிறவரின் லைசென்ஸைக் குறைந்தது 3 மாதம் முடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே சொல்லிவிட்டது.

ஆகவே ரவுண்டானாவில் புலம்புவதை விட்டுவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எழுதுங்கள். அதன் நகலை, திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 'தாறுமாறாக ஓட்டுகிறார்' என்று பொதுவாக எழுதிய மனு ஃபைலுக்குள் தூங்கும். 'இந்தத் தேதி, காலை 8.10, மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு வரும் ட்ரிப், வண்டி எண் இது, இந்த ஸ்டாப்பிலிருந்து இந்த ஸ்டாப் வரை போன் காதில் இருந்தது' என்று எழுதினால், யாராவது ஒருவர் அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். உரிமையாளரின் பெயரும் முகவரியும் வண்டியின் இரண்டு பக்கமும் எழுதியிருக்க வேண்டும் என்பதும் பர்மிட் நிபந்தனைதான். அது அழிந்திருந்தால் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உங்கள் தெருவில் இன்னும் நான்கு பேர் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது. ஒரே மனுவில் நாற்பது கையெழுத்து வாங்குவதைவிட அதற்குப் பலன் அதிகம்.

ஸ்டாப்பில் பத்து நிமிஷம் ஆள் பிடிக்க உறுமிக்கொண்டே நிற்கிறது. கிளம்பியதும் பேய் பிடித்த மாதிரி பறக்கிறது. இது என்ன ஓட்டம்? (ஆசிரியர், பென்னாகரம்)

நிற்பதும் பறப்பதும் ஒரே வியாதி, சார். பல வண்டிகளில் சம்பளத்தோடு கலெக்‌ஷனைப் பார்த்துப் படி கொடுக்கிறார்கள். கூட்டம் நிற்கும் ஸ்டாப்பில் எவ்வளவு நேரம் நிற்கிறாரோ அவ்வளவு காசு. நின்ற நேரத்தை அப்புறம் ரோட்டில்தானே ஈடுகட்ட வேண்டும்?

பணியில் இருந்தபோது ஒருநாள் மஃப்டியில் இண்டூர் பக்கம் ஒரு மினி பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் மூன்று முறை போன் எடுத்தார், மூன்று முறையும் ஒரே கேள்வி: 'பின்னாடி வண்டி எங்க வருது?' பதில் சொன்னவர் பின்னால் எங்கோ ஒரு ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருப்பவர். பதிலைக் கேட்டதும் ஒரு முறை கியரைக் குறைத்து உருட்டினார், ஒரு முறை அடித்து மிதித்தார். அவருக்கு அந்தப் போன் அரட்டைக்கு இல்லை, வேகமானி மாதிரி. பாலக்கோட்டு அம்மாவுக்கும் இது பாதி பதில்.

இந்தப் போட்டி எங்கே நடக்கிறது என்று கவனியுங்கள். பஸ்ஸே போகாத குக்கிராமத்து ரோட்டில் இல்லை, ஊருக்குள் நுழையும் மெயின் ரோட்டில். 1997-இல் வந்த பழைய மினி பஸ் திட்டத்தில் 20 கிலோமீட்டர் தடம், அதில் ஏற்கெனவே பஸ் ஓடும் ரோடு 4 கிலோமீட்டர்தான். 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டர், அதில் 65 சதவீதமாவது பஸ் இல்லாத ரோடாக இருந்தால் போதும். கணக்குப் போட்டால் மற்ற வண்டிகளோடு சேர்ந்து ஓடும் தூரம் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் வரை வரலாம். கிராமங்களுக்கு வண்டி வந்தது நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பந்தய மைதானமும் கூடவே நீண்டுவிட்டது. புதிய திட்டத்தில் ஜி.பி.எஸ். கருவி கட்டாயம். எனவே புகார் எழுதும்போது, 'அந்த நேரத்து ஜி.பி.எஸ். பதிவைப் பார்த்து நடவடிக்கை எடுக்கவும்' என்று கேளுங்கள். கேட்காமல் யாரும் அதைத் திறந்து பார்க்கப்போவதில்லை.

மினி பஸ் படிக்கட்டில் என் பையன் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். கூட்டம் ஏற்ற அளவே கிடையாதா? (காவேரிப்பட்டணம்)

அளவு உண்டு. கூடுதலாக ஏற்றும் ஒவ்வோர் ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம். அத்தோடு, கூடுதல் ஆட்களை இறக்கி அவர்கள் போக மாற்று ஏற்பாடு செய்யும் வரை வண்டியை எடுக்கக் கூடாது என்றும் 194ஏ பிரிவு சொல்கிறது. மாற்று ஏற்பாட்டுக்கு எந்த வண்டி? காலையில் ஒரு டவுன் பஸ், மாலையில் ஒரு டவுன் பஸ் என்று ஓடும் ரோட்டில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவுதான். நானே அப்படி இறக்கிவிட மனசில்லாமல் விட்டிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு, பள்ளி நேரத்துக்கு ஒரு டவுன் பஸ் கேட்டு போக்குவரத்துக் கழகத்துக்கு மனு கொடுங்கள். அதற்குள் பையனை ஒரு ட்ரிப் முன்னாலேயே அனுப்புங்கள்.

ஏர் ஹாரனுக்குத் தடை இருக்கிறதா? (ஓசூர், பாகலூர் ரோடு)

இருக்கிறது, மத்திய மோட்டார் வாகன விதி 119. கழற்றி வாங்குவது எங்கள் ஆட்களுக்கு ஐந்து நிமிஷ வேலை. மறுநாள் புதிதாக மாட்டுவது அவர்களுக்கு மூன்று நிமிஷ வேலை.

அம்மா இறங்கி முடிப்பதற்குள் மினி பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிவு. 'அவங்களே தவறி விழுந்தாங்க, பேசி முடிச்சுக்கலாம்' என்கிறார் உரிமையாளர். ஸ்டேஷனிலும் அதையேதான் சொல்கிறார்கள். (அரூர்)

பேசி முடிக்காதீர்கள் தம்பி. முதலில் எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அம்மாவின் டிக்கெட் இருந்தால் பத்திரம், இந்த வழக்கில் அந்தத் துண்டுச்சீட்டு பெரிய சாட்சி. கூட இறங்கியவர்கள் இரண்டு பேரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியின் இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) நடப்பில் இருக்கிறதா என்பதை எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம்.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். விபத்து வேறு ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் எல்லையிலேயே போடலாம். 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று உரிமையாளர் இழுப்பது இந்த 6 மாதத்தைக் கரைக்கத்தான். மருத்துவமனை ரசீது ஒன்றையும் தொலைக்காதீர்கள். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை, 2021-இல் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசம். பட்டியலில் உள்ள மருத்துவமனை அந்தச் சிகிச்சைக்கு உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் அதையும் கேளுங்கள்.

டிரைவரிடம் கார் ஓட்டும் லைசென்ஸ்தான் இருக்கிறதாம். விபத்து என்றால் இன்சூரன்ஸ் கிடைக்காதா? (சூளகிரி)

வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் அந்த லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. எடை ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும். அதைத் தாண்டிய வண்டி என்றால் சிக்கல்தான்.

ஐயா, நான் மினி பஸ் டிரைவர். விடிகாலை ஐந்தரைக்கு எடுத்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் விடுகிறேன். அபராதம் வந்தால் என் படியில் பிடிக்கிறார் முதலாளி. திட்டு மட்டும் எனக்கு. (தேன்கனிக்கோட்டை)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆவது பிரிவும் வேலை நேரத்துக்கு வரம்பு வைக்கிறது. நான் வண்டிகளைச் சோதித்த காலத்தில் பிரேக்கைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன், 'எத்தனை மணிக்கு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாய்' என்று ஒருவரையும் கேட்டதில்லை. அது என் தவறு.

முதலாளியோடு சண்டைக்குப் போக வேண்டாம், வேலை போய்விடும். தினமும் முதல் ட்ரிப் எடுத்த நேரத்தையும் கடைசி ட்ரிப் விட்ட நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ட்ரிப் ஷீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள், வண்டி நிற்கும்போது மட்டும். இரண்டு மாதம் சேர்ந்ததும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஒரு நகல், ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு நகல். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் நோட்டை எனக்கு அனுப்புங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.