புள்ளிக்கு அளவே இல்லையா, சார்?

பென்சிலால் வைக்கிற புள்ளிக்கு அகலம் இருக்கிறதே. புத்தகம் இல்லை என்கிறதே? (ஆறாம் வகுப்பு மாணவர்)

நீ வைத்தது புள்ளி அல்ல தம்பி, புள்ளி இருக்கும் இடத்துக்கு ஓர் அடையாளம். தேசப்படத்தில் மதுரையை ஒரு பொட்டாகக் காட்டுகிறார்கள். அதற்காக மதுரை பொட்டளவு ஆகிவிடுமா? சுமார் கி.மு. 300இல் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட், பகுதிகளே இல்லாதது புள்ளி என்று சொல்லித்தான் தொடங்கினார். 1899இல் ஜெர்மன் கணித அறிஞர் டேவிட் ஹில்பர்ட் அந்த வரையறையையும் விட்டுவிட்டார். புள்ளி, கோடு, தளம் என்றால் என்ன என்று அவர் சொல்லவே இல்லை; அவை ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்கிற விதிகளை மட்டும் தந்தார்.

அளவில்லாத புள்ளிகளைச் சேர்த்தால் நீளம் எப்படி வரும்?

இந்த வாரத்தின் நல்ல கேள்வி இதுதான். பூத் தொடுப்பது போல ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் புள்ளிகளை வைக்க முடியாது. ஏனென்றால் ஒரு புள்ளிக்கு 'அடுத்த புள்ளி' என்று எதுவும் கிடையாது. எந்த இரண்டை எடுத்தாலும் நடுவில் இன்னொன்று இருக்கும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அடிப்பக்கம் 10 செ.மீ. உள்ள ஒரு முக்கோணம் வரையுங்கள். மற்ற இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணையுங்கள். அது 5 செ.மீ. இருக்கும். இப்போது உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் ஏதாவது ஒரு புள்ளிக்குக் கோடு இழுத்தால், அது அந்த 5 செ.மீ. கோட்டையும் ஒரே ஓர் இடத்தில் வெட்டும். மேலே ஒன்றுக்குக் கீழே ஒன்று, யாரும் மீதியில்லை. 5 செ.மீ.யிலும் 10 செ.மீ.யிலும் புள்ளிகள் சரிக்குச் சரி! நீளம் புள்ளிகளை எண்ணி வருவதல்ல, முனைகளுக்கு இடையிலான தூரம் என்பது அப்போது புரியும். எனக்கு இது புரிந்தது கல்லூரிக்குப் போன பிறகுதான்.

கோடு, கதிர், கோட்டுத்துண்டு மூன்றையும் மகள் குழப்பிக்கொள்கிறாள்.

முனைகளை எண்ணச் சொல்லுங்கள். துண்டுக்கு இரண்டு, கதிருக்கு ஒன்று, கோட்டுக்கு இல்லை. துண்டின் முனைகள் க, அ என்றால், கஅ, அக எப்படி எழுதினாலும் ஒன்றுதான். கதிரில் மட்டும் முதல் எழுத்து தொடக்கப்புள்ளி, மாற்றினால் திசையே மாறிவிடும். குழப்பம் அவள் தப்பில்லை, நாம்தான் அன்றாடப் பேச்சில் எல்லாவற்றையும் 'கோடு' என்கிறோம்.

முக்காலி ஆடுவதில்லை, நாற்காலி ஆடுகிறதே?

கால்களின் நுனிகளைப் புள்ளிகளாக நினையுங்கள். ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் வழியாக ஒரு தளம் நிச்சயம் உண்டு. நான்காவது அதில் அமையுமா என்பது தச்சர் கையில்.

கதிர்களை நீட்டி வரைந்தால் கோணம் பெரிதாகுமா?

ஆகாது. மூன்று மணிக்குச் சுவர்க் கடிகாரமும் கைக்கடிகாரமும் காட்டுவது அதே 90 பாகைதான். இதைவிட அதிகம் மதிப்பெண் பறிப்பது கோணமானியின் இரட்டை அளவு: 60 என்று படிக்க வேண்டியதை 120 என்று எழுதிவிடுவார்கள். முதலில் ஒரு தாளின் மூலையை வைத்துப் பாருங்கள். கோணம் மூலையைவிடக் குறுகலாக இருந்தால் 120 வர வழியே இல்லை.