கழுத்து நெறிகட்டியை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பி 6 நாள் ஆகிறது. ரிப்போர்ட் வரும்வரை இந்தப் பயத்தோடு எப்படி இருப்பது?

பள்ளத்தூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மாதமாகக் கரையாத நெறிகட்டியைக் காரைக்குடியில் எடுத்து மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள். லேபில் கேட்டால் "இன்னும் வரலை" என்ற ஒரே பதில். ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, கை கழுத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. "லேட்டானாலே கெட்ட சேதிதானா?" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் பயத்தில் பாதி அங்கேதான் நிற்கிறது.

லேட்டாவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்தச் சதைத் துண்டு எங்கெங்கே போய் வருகிறது என்று பாருங்கள். எடுத்தவுடன் அதை 10 சதவீத ஃபார்மலின் உள்ள பாட்டிலில் போடுவார்கள். ஃபார்மலின் உள்ளே இறங்கிச் சதையை அழுகவிடாமல் கெட்டிப்படுத்தவே 6 மணி நேரத்திலிருந்து ஒரு முழு நாள் வரை ஆகும். காரைக்குடியிலிருந்து 90 கிலோமீட்டர் தாண்டி மதுரை போய்ச் சேரும் நேரம் தனி. அங்கே பேத்தாலஜி டாக்டர் துண்டை அளந்து, வெட்டிப் பார்த்து, சின்ன பிளாஸ்டிக் கேசட்டில் வைப்பார். பிறகு ராத்திரி முழுக்க அது ஒரு மெஷினுக்குள் ஆல்கஹால், சைலீன், உருக்கிய பாரஃபின் மெழுகு என்று ஒவ்வொன்றிலும் ஊறும். மறுநாள் மெழுகுக் கட்டியாக வார்த்து, 3 முதல் 5 மைக்ரான் கனத்துக்குச் சீவி எடுப்பார்கள். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு அது. அதைக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றிய பிறகுதான் மைக்ராஸ்கோப். எல்லாம் சரியாக நடந்தாலே 3 நாள் முதல் ஒரு வாரம். நடுவில் ஒரு ஞாயிறோ விடுமுறையோ விழுந்தால் அதற்கும் மேல்.

அதற்கு அப்புறமும் நாள் கூடுவதற்குக் காரணங்கள் உண்டு. காசநோய்க் கிருமி தெரிகிறதா என்று தனிச் சாயம் போடுவார்கள். அணுக்கள் எந்த வகை என்று உறுதி செய்ய ஐ.எச்.சி. என்ற சோதனை கேட்பார்கள். அதற்கு இன்னும் சில நாள் பிடிக்கும். புற்றுநோய் இல்லை என்று அடித்துச் சொல்வதற்கும் அதே சோதனையைத்தான் கேட்கிறார்கள். ஆகவே "ஐ.எச்.சி. போயிருக்கு" என்று யாராவது சொன்னால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்லைடை இன்னொரு டாக்டரிடம் காட்டிக் கேட்பதும் வழக்கம்தான். அவசரப்பட்டு எழுதாத லேப் உங்களுக்கு நல்லது செய்கிறது.

இன்னொன்று, இது முக்கியம். நெறிகட்டியை எடுக்கும்போது சதையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறுபாதியை நார்மல் சலைன் என்ற வெறும் உப்புநீரிலும் அனுப்புவது நல்ல பழக்கம். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்ய முடியாது. சலைன் பாட்டில் போயிருந்தால், காசநோய்க்கான சிபிநாட் சோதனை மெஷினில் ஏறிய 2 மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும். கல்ச்சர் மட்டும் அப்படி வராது. அந்தக் கிருமி மிக மெதுவாக வளர்வதால் திரவக் கல்ச்சரை 42 நாள் வரை வைத்திருந்துதான் "இல்லை" என்று எழுதுவார்கள். அதற்காக 42 நாளும் விழித்துக் காத்திருக்க வேண்டாம். டாக்டர் மற்ற ரிப்போர்ட்டுகளை வைத்தே வைத்தியத்தைத் தொடங்க முடியும்.

இப்போது லேபுக்குப் போன் செய்யும் விஷயம். "ரிப்போர்ட் வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டால் "வரலை" என்பதற்கு மேல் அவர்களால் எதுவும் சொல்ல முடியாது, உங்களுக்கும் படபடப்பு கூடும். பில்லில் உள்ள சாம்பிள் நம்பரைச் சொல்லி இப்படிக் கேளுங்கள்: "மதுரையில பாட்டில் சேர்ந்ததுக்கு என்ட்ரி இருக்கா? எத்தனை பாட்டில்? பிளாக் (மெழுகுக் கட்டி) போட்டாச்சா? ஸ்பெஷல் ஸ்டெயின், ஐ.எச்.சி. ஏதாவது கேட்டிருக்காங்களா? எந்தத் தேதிக்கு எதிர்பார்க்கலாம்?" பதிலை ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை, காலை 11 மணிக்கு மேல், வீட்டில் ஒரே ஒருவர் மட்டும் பேசினால் போதும். ஆளாளுக்குப் பேசினால் ஆளுக்கொரு பதில் வரும்.

இனி உங்கள் கை. நெறிகட்டி இருந்த இடத்தையும் அடுத்த பக்கத்தையும் ஒரு நாளில் எத்தனை தடவை அழுத்திப் பார்க்கிறீர்கள் என்று எண்ணியிருக்கிறீர்களா? பயந்தவர்கள் கணக்கில்லாமல் தொடுவார்கள். அழுத்த அழுத்த அந்த இடம் வலிக்கும், லேசாக வீங்கும். வலித்ததும் "பெருசாகுது" என்று தோன்றும், மறுபடி கை போகும். ஆரோக்கியமான கழுத்திலும் பட்டாணி மாதிரிச் சின்ன நெறிகள் தட்டுப்படும், எச்சில் சுரப்பி தட்டுப்படும். தேடுகிற விரலுக்கு எல்லாமே கட்டியாகத் தெரியும். டிரெஸ்ஸிங் மாற்றும்போது ஒரு தடவை பாருங்கள், அவ்வளவுதான். மற்ற நேரம் கை மேலே போகிறது என்று தெரிந்தவுடன் மணியைத் தாளில் குறித்துவிட்டு 10 நிமிஷம் தள்ளிப் போடுங்கள். அந்த உந்துதல் ஏறும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். முதல் நாள் பாதி தடவை தோற்பீர்கள். பரவாயில்லை, குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாம் நாள் எண்ணிக்கை குறைந்திருப்பதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

கூகுளில் தேடுவதும் இதே வேலைதான். தேடி முடித்த 5 நிமிஷம் நிம்மதியாக இருக்கும், அடுத்த சந்தேகம் அதற்குள் முளைத்திருக்கும். அக்காவிடம், சின்னம்மாவிடம், மருந்துக்கடைக்காரரிடம் "ஒண்ணும் இருக்காதுல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் அப்படியே. பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போய் வேண்டிக்கொண்டு வருவதை நான் இதில் சேர்க்கவில்லை, தாராளமாகப் போய் வாருங்கள். ஜோசியரிடம் போய் "நல்லதா, கெட்டதா" என்று நாளுக்கொரு தடவை கேட்பதை மட்டும் நிறுத்துங்கள்.

தேடத் தோன்றுகிற ஒவ்வொரு கேள்வியையும் அதே தாளில் எழுதுங்கள், டாக்டரிடம் கேட்பதற்காக. பயத்துக்கென்று ஒரு நேரமும் ஒதுக்குங்கள். சாயங்காலம் 5:30 முதல் 5:50 வரை, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, மனசில் வருவதையெல்லாம் எழுதுங்கள். பிள்ளைகள் படிப்பு, செலவு, முடி கொட்டுமா என்பதுவரை எதையும் அடக்க வேண்டாம். அலாரம் அடித்ததும் எழுந்துவிடுங்கள். காலையில் பயம் வந்தால் "அஞ்சரைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ள ஒரு இடம் இருக்கும். "நினைக்காதே" என்று மனசை அதட்டினால் அது கேட்காது, நேரம் குறித்துக் கொடுத்தால் ஓரளவு கேட்கும். படுக்கிற நேரத்தில் மட்டும் இதை வைக்காதீர்கள்.

தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கிறது, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரமரவென்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயத்தில் தொண்டைத் தசை இறுகினால் எச்சில் விழுங்கும்போது உருண்டை நிற்கிற மாதிரி இருக்கும்; சாப்பாடு சிக்காமல் இறங்கும். மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரலும் உதடும் மரத்து, தலை லேசாகச் சுற்றும். 4 எண்ணி மூக்கால் இழுத்து, 6 எண்ணி மெதுவாக விடுங்கள். 5 நிமிஷம் விடாமல் செய்தால் மரமரப்பு இறங்குவது தெரியும். "ஆழமா இழு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். பெரிய பெரிய மூச்சாக இழுத்தால் இன்னும் மோசமாகும். வெளியே விடுகிற மூச்சைத்தான் நீட்ட வேண்டும்.

ராத்திரி விழித்தால் 20 நிமிஷத்துக்கு மேல் படுக்கையில் புரளாதீர்கள். எழுந்து வளவுக்கு (உள்முற்றத்துக்கு) வாருங்கள், பெரிய விளக்கு வேண்டாம், போன் வேண்டாம். துணி மடிப்பது, பயறில் கல் பொறுக்குவது மாதிரி சலிப்பான வேலை செய்து, தூக்கம் சொக்கியதும் திரும்பிப் போங்கள். மதியத்துக்கு மேல் காபி நிறுத்துங்கள். குடித்த காபியிலுள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். பகலில் எண்ணிக்கை தேவைப்படும் கைவேலை நல்லது. கொட்டான் (ஓலைக் கூடை) முடையத் தெரிந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஓலைக் கணக்குத் தப்பாமல் பார்க்கிற நேரத்தில் மனசு வேறெங்கும் ஓடாது. பசி இல்லாவிட்டாலும் 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் கஞ்சியோ உள்ளே போகட்டும். வெறும் வயிறு படபடப்பைக் கூட்டும்.

வீட்டில் யாரோ கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், பழக்கமாகிவிடும். இதைவிடக் கவலையான ஒன்று உண்டு. கட்டி கரைய என்று கடையில் தரும் ஸ்டீராய்டு மாத்திரை, லிம்போமாவாக (நெறிகட்டியில் வரும் புற்றுநோயாக) இருந்தால் நெறிகட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும். லெவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் காசநோயைப் பாதி மறைத்துவிடும். மறுபடி சதை எடுக்க நேர்ந்தால் இரண்டுமே ரிப்போர்ட்டைக் குழப்பும்.

காயத்தைச் சுற்றிக் கொஞ்சம் கன்னிப்போவதும், காது மடலோரம் மரத்திருப்பதும் சாதாரணம். கழுத்து திடீரென்று வீங்குவது, மூச்சுத் திணறல், நிற்காத ரத்தம் என்றால் 108. சீழ், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமை ஆகியவற்றுக்கு அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள். தோளைத் தூக்கும் நரம்பு ஒன்று கழுத்தின் பக்கவாட்டில்தான் ஓடுகிறது.

வீட்டு ஆட்களுக்கு ஒரு வார்த்தை. "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, சும்மா இரு" என்று ஆச்சி சொல்வது அன்பினால்தான், ஆனால் கேட்பவருக்குக் கதவைச் சாத்தின மாதிரி இருக்கும். "பயமாத்தான் இருக்கும்த்தா. நான் இங்கேதான் இருக்கேன், வா, பலகாரம் சாப்பிடு" என்றால் போதும். விசேஷ வீட்டில் விசாரிக்கிற உறவுகளுக்கு உங்கள் கணவர் பதில் சொல்லட்டும்: "சேதி வந்ததும் நாங்களே சொல்றோம்."

ரிப்போர்ட்டில் என்ன இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. லிம்போமா இல்லை என்று இங்கிருந்து சொல்வது பொய்யாகும், அதைப் பார்க்கத்தானே எடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் இப்படி நாள்பட்டு நிற்கும் கழுத்து நெறிகட்டிக்குக் காசநோய் மிகச் சாதாரணமான காரணம். 6 மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். "ரியாக்டிவ்" என்றிருந்தால் ஏதோ தொற்றுக்கு எதிர்வினையாக வீங்கியது. "கிரானுலோமா" (எதிர்ப்பு அணுக்கள் கொத்தாகத் திரண்டிருப்பது) என்ற சொல் பெரும்பாலும் காசநோய்ப் பக்கம் கைகாட்டும். "கிளினிக்கல் கோரிலேஷன்" (நோயாளியின் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும்) என்று அடியில் இருப்பது பல ரிப்போர்ட்டுகளில் வழக்கமாக வருகிற வரி, அதைக் கண்டு மிரள வேண்டாம்.

வாட்ஸப்பில் ராத்திரி 9 மணிக்கு பிடிஎஃப் வந்தால் யார் திறப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். டாக்டர் எதிரில் மட்டும் திறப்பது என்றால் லேபிடம் உங்கள் நம்பரை எடுத்துவிட்டுக் கணவர் நம்பரைக் கொடுங்கள். பயம் கை மீறிப்போனால், சாப்பாடு தூக்கம் அறவே போனால், உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றினால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நேரில் பார்க்க சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ரிப்போர்ட் நல்லபடியாக வந்த பிறகும் மாதக்கணக்கில் இதே பயம் நீடித்தால் அப்போதும் அங்கே போங்கள்.

டாக்டரைப் பார்க்கும் அன்று சாப்பிட்டுவிட்டுப் போங்கள், கூட வருபவர் கையில் பேனா இருக்கட்டும். முதலில் பெயர், வயது, எந்தப் பக்கத்துக் கழுத்து என்பது ரிப்போர்ட்டில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிளாக் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்துக் கேட்க நினைத்தால் மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை; அந்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் லேபில் எழுதிக் கொடுத்து வாங்கி, வேறு பேத்தாலஜி டாக்டரிடம் காட்டலாம்.